கிருமி இருக்கு, சரி. அசதிக்கு அதுதான் காரணமா?

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சுரப்பிக் காய்ச்சலைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். காய்ச்சல் விட்ட பிறகும் சிலருக்கு அசதி மாதக்கணக்கில் விடாது, அதற்கு 'நாட்பட்ட சோர்வு நோய்' என்று பெயர் உண்டு என்று. அவ்வளவுதான். சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கமிருந்து கடிதமும் புலனமுமாக (வாட்ஸ்அப்) வந்து குவிந்துவிட்டது, அதனால் இந்த மாதம் முழுக்க இதே கதைதான். சர்க்கரை, முட்டிவலி என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை, தோட்டத்து மருந்தகத்தில் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவன், படிப்பதை மட்டும் விடாதவன்.

கே: ஐயா, என் மகளுக்கு 19 வயது. போன வருஷம் படிவம் ஆறில் இருந்தபோது கடும் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டி, எச்சில் விழுங்க முடியாமல் மூன்று வாரம் படுத்துவிட்டாள். சுரப்பிக் காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் போய் எட்டு மாதமாகிறது, பிள்ளை இன்னும் தேறவில்லை. தலை வாரும்போது பாதியில் சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள், மிச்சத்தை நான்தான் வாரிப் பின்னுகிறேன். ஒருநாள் கொஞ்சம் தெளிவாக இருக்கிறாளே என்று ஈப்போவில் ஒரு பிறந்தநாளுக்குக் கூட்டிப் போனோம், திரும்பி வந்து நாலு நாள் படுக்கை. அவள் அப்பா சோம்பேறித்தனம் என்கிறார். தனியார் லேப் ஒன்றில் ரத்தம் கொடுத்தோம், இபிவி பாசிட்டிவ். கிருமி இன்னும் ரத்தத்தில் ஓடுகிறது, சுத்தம் பண்ண மூன்று மாத மருந்து 1,200 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். வாங்கலாமா? (பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்)

ப: வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பணத்தைப் பிள்ளையின் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இபிவி என்றால் எப்ஸ்டீன்-பார் வைரஸ். ஹெர்பிஸ் குடும்பத்துக் கிருமி, சுரப்பிக் காய்ச்சலைப் பெரும்பாலும் கொண்டு வருவது இதுதான். ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குத் தாடையில் வரும் ஒரு புற்றுக்கட்டியில் இருந்து 1964-இல் லண்டனில் இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆண்டனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சோங் என்று மூன்று பேர். பெயரில் ஏறியது இரண்டு பேர்தான், பாவம் அச்சோங். உலகத்தில் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு இந்தக் கிருமி உடம்பில் உண்டு. எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும், அந்த மருந்தை விற்கிறவருக்கும் இருக்கும். ஒருதரம் உள்ளே வந்துவிட்டால் ரத்தத்தின் பி அணுக்களுக்குள் (ஒரு வகை வெள்ளை அணு) போய்ப் படுத்துக்கொள்ளும், ஆயுசுக்கும் வெளியே போகாது. அதைச் சுத்தமாகத் துடைத்தெடுக்கும் மருந்து இன்றைய தேதியில் எங்கேயும் கிடையாது.

அந்த லேப் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். ஐஜிஜி (கிருமிக்கு எதிராக உடம்பு செய்து வைக்கும் எதிர்ப்புப்பொருள்) என்று போட்டு அதற்கு நேராகப் பாசிட்டிவ் என்றிருந்தால், எப்போதோ ஒரு காலத்தில் கிருமி வந்தது என்று மட்டும்தான் அர்த்தம், அது சாகும்வரை பாசிட்டிவாகவே காட்டும். புதிதாக வந்த தொற்றைக் காட்டுவது ஐஜிஎம். பழைய செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், ஒருவர் பெயர் இருக்கிறது என்பதற்காக அவர் இன்றைக்குப் பெரட்டில் (காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில்) வந்து நிற்கிறார் என்று சொல்வோமா? அந்தக் காகிதத்தைக் காட்டி 1,200 வெள்ளி கேட்பது அப்படித்தான் இருக்கிறது.

சரி, அப்படியானால் பிள்ளைக்கு ஒன்றுமில்லையா? இருக்கிறது, அதைத்தான் உங்கள் வீட்டுக்காரர் காதில் போட வேண்டும். ஆஸ்திரேலியாவில் டப்போ என்று ஒரு ஊர், சுற்றிலும் விவசாயம். அங்கே மூன்று வெவ்வேறு தொற்று வந்த 253 பேரை ஆரம்பத்திலிருந்தே பின்தொடர்ந்து பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்று இபிவி, இன்னொன்று கொசு கொண்டு வரும் ராஸ் ரிவர் வைரஸ், மூன்றாவது ஆடு மாடுகளிடமிருந்து வரும் கியூ காய்ச்சல், அது வைரஸ்கூட இல்லை, பாக்டீரியா. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 100-க்கு 11 பேர் நாட்பட்ட சோர்வு நோயில் நின்றார்கள், அதுவும் எந்தக் கிருமி வந்தது என்பதில் பெரிய வித்தியாசமே இல்லாமல். யாருக்கு இப்படி ஆகிறது என்று தோண்டினார்கள். ஆணா பெண்ணா, முன்பே மனச்சோர்வு இருந்ததா என்பதெல்லாம் எடுபடவில்லை, ஆரம்பத்தில் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பதுதான் முக்கியமாக இருந்தது. மூன்று வாரம் எச்சில் விழுங்க முடியாமல் கிடந்த பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

சிக்காகோ பக்கம் சுரப்பிக் காய்ச்சல் வந்த 301 இளம்பிள்ளைகளை வைத்தும் இதே மாதிரி பார்த்தார்கள். ஆறு மாதத்தில் 13 சதவீதம் பேருக்கு இந்த நோய், ஒரு வருஷத்தில் அது 7, இரண்டு வருஷத்தில் 4. ஆகவே உங்கள் மகள் வயதில் நிறையப் பேர் தேறிவிடுகிறார்கள். மெதுவாகத்தான், ஆனால் தேறுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது சீப்பும், அந்த ஈப்போ பயணமும்தான். அன்றைக்கு நன்றாக இருந்தவள் மறுநாளிலிருந்து படுத்தாள் என்கிறீர்களே, இந்த நோயின் முக்கிய அடையாளமே அதுதான். சக்திக்கு மீறி ஏதாவது செய்தால் சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாள் கழித்தோ உடம்பு விழுந்துவிடும், அது உடனே தெரியாததால் பார்க்கிறவர்களுக்கு நடிப்பு மாதிரி தோன்றும். 2015-இல் அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' வகுத்த அளவுகோலில் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள், கூடவே ஆறு மாதத்துக்கு மேல் பழைய மாதிரி இயங்க முடியாமை, தூங்கி எழுந்தும் தெளியாத தூக்கம், அப்புறம் மூளை மந்தமாவது அல்லது எழுந்து நின்றால் தலை சுற்றிப் படபடப்பது, இந்த இரண்டில் ஒன்று.

ஆனால் இதை நானோ நீங்களோ முடிவு பண்ண முடியாது. அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், பதிவுக்கு ஒரு வெள்ளிதான். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், காசநோய் எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், நம் ஊரில் பரம்பரையாக வரும் ரத்தக் குறையான தலசீமியாவையும் மறக்கக் கூடாது. 'களைப்பாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் ஒரு விட்டமின் பாட்டிலோடு அனுப்பிவிடுவார்கள். நானே எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன், அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்ததும் அதுதான். அதனால் எந்த நாளில் என்ன செய்தாள், எப்போது படுத்தாள் என்று இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அதுவரை நடை, உடற்பயிற்சி என்று விரட்டாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் உலகம் முழுக்கச் சொன்னார்கள், 2021-இல் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டி வகுக்கும் நைஸ் அமைப்பே அந்தச் சிகிச்சையைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தெம்பு தீர்வதற்கு முன்பே நிறுத்திவிடுவது, உட்கார்ந்து குளிப்பது, தலைவாருவதை நீங்கள் செய்வது, இதெல்லாம்தான் இப்போதைக்கு மருந்து.

கே: அண்ணே, எனக்கு விலாப் பக்கம் அக்கி வந்தது. மாமியார் காவி குழைத்து எழுதிவிட்டார். கிளினிக் அட்டையில் 'ஹெர்பிஸ் சோஸ்டர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்த என் மகன் இரண்டு நாளாக என்னை ஒரு மாதிரி பார்க்கிறான். இது அந்த நோயா? நீங்கள் சொன்ன சோர்வு நோயும் இதே ஹெர்பிஸா? (செம்பனைத் தோட்ட வாசகர், பீடோர்)

ப: தம்பி, உங்கள் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஹெர்பிஸ் என்பது ஒரு குடும்பப் பெயர். மனிதர்களைப் பிடிப்பது அதில் ஒன்பது. உதட்டில் கொப்புளம் போடுவது ஒன்று, உங்கள் மகன் நினைத்துப் பயப்படுகிற கீழ்ப்பக்கத்துப் புண்ணுக்குப் பெரும்பாலும் இன்னொன்று. நமக்கெல்லாம் சின்ன வயதில் வேப்பிலை கட்டி, அம்மா போட்டிருக்கிறது என்று தனியாகப் படுக்க வைத்தார்களே, அந்தச் சின்னம்மையைக் கொண்டு வந்ததும் இந்தக் குடும்பம்தான். அம்மை இறங்கிய பிறகு அந்தக் கிருமி முதுகெலும்பு ஓரத்து நரம்பு முடிச்சில் போய் ஒளிந்துகொள்கிறது, வயதாகும்போதோ உடம்பு தளரும்போதோ அந்த ஒரு நரம்பு வழியாகத் திரும்பி வந்தால் அதுதான் அக்கி. அதனால்தான் இடுப்பைச் சுற்றி ஒரு பக்கமாக மட்டும் வருகிறது. யாரிடமும் போய் வாங்கி வந்தது இல்லை.

மாமியார் மனசு நோகாமல் ஒன்று சொல்லுங்கள்: காவி அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கலாம். அக்கிக்கு மாத்திரை இருக்கிறது, கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். அடுத்து வீட்டில் யாருக்காவது வந்தால் முதலில் கிளினிக்.

சோர்வு நோய் ஆராய்ச்சியில் அதிகம் அடிபடுவது இந்தக் குடும்பத்தில் இபிவியும், ஆறாம் எண் ஹெர்பிஸும்தான். இபிவி என்றதும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் வருமாமே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தொடர்பு உண்டு, நம் நாட்டில் சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் அது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் கிருமி இருப்பது கிட்டத்தட்ட எல்லாருக்கும், புற்று வருவது மிகச் சிலருக்கு, வம்சமும் உணவும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு.

கே: சோர்வு நோய்க்குக் காரணமான வைரஸைக் கண்டுபிடித்துவிட்டார்கள், மருந்தும் வந்துவிட்டது என்று புலனத்தில் ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா? (வாசகி, கோலகங்சார்)

ப: இதே செய்தி நாற்பது வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அப்போது புலனம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1984, 85 வாக்கில் அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில், தாஹோ ஏரிக்கரையில் இன்கிளைன் வில்லேஜ் என்ற ஊரில் ஆளுக்கு ஆள் காய்ச்சல் மாதிரி வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். அங்கே வைத்தியம் பார்த்த இரண்டு டாக்டர்கள் இபிவி மேல் சந்தேகப்பட்டார்கள், அட்லாண்டாவிலிருந்து நோய்த் தடுப்பு மையத்தின் ஆட்கள் வந்து பார்த்தார்கள். கொஞ்ச காலம் அதற்கு 'நாட்பட்ட எப்ஸ்டீன்-பார் நோய்' என்றே பெயர். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் நோயாளிக்கும் நல்ல ஆளுக்கும் இடையில் தெளிவாகக் கோடு போட முடியவில்லை. 1988-இல் கிருமியின் பெயரை எடுத்துவிட்டு வெறும் 'நாட்பட்ட சோர்வு நோய்' என்று மாற்றிவிட்டார்கள். அதே வருஷம் 27 நோயாளிகளுக்கு, ஹெர்பிஸுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் மருந்தை ஒரு தவணையும் மருந்தே கலக்காத போலி ஒன்றை ஒரு தவணையுமாகக் கொடுத்துப் பார்த்த முடிவும் வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

அப்புறம் ஸ்டான்ஃபோர்டில் வால்கேன்சிக்ளோவிர் என்ற வேறு மாத்திரை. 2006-இல் 12 பேருக்குக் கொடுத்ததில் 9 பேர் நன்றாகத் தேறினார்கள் என்றதும் ஊரே நம்பியது. முறையாக 30 பேரை வைத்துச் சோதித்து 2013-இல் வெளியிட்டபோது சில அளவைகளில் முன்னேற்றம், சிலவற்றில் இல்லை, அடித்துச் சொல்கிற அளவுக்கு எதுவும் நிற்கவில்லை. அந்த மாத்திரை உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்களுக்காக வந்தது, வெள்ளை அணுக்களைக் குறைக்கும், கருவைப் பாதிக்கும். இளம்பெண்களுக்கு இஷ்டத்துக்கு வாங்கிக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை.

நடுவில் 2009-இல் பெரிய பத்திரிகையான 'சயன்ஸ்' எக்ஸ்எம்ஆர்வி என்று ஒன்றைப் போட்டது, அது ஹெர்பிஸே இல்லை, ரெட்ரோவைரஸ் என்ற வேறு குடும்பம். உலகமே குதித்தது. கடைசியில் அது ஆய்வுக்கூடத்தில் கலந்த அசுத்தம் என்று தெரிந்து, 2011-இல் பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நார்வேயில் பி அணுக்களையே அழிக்கும் ரிடக்சிமாப் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். இபிவி குடியிருப்பது அங்கேதானே, வீட்டையே இடித்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். முதலில் கொஞ்சம் பேருக்குக் கேட்டது மாதிரி இருந்தது, 151 பேரை வைத்த பெரிய சோதனையில் 2019-இல் பலன் இல்லை என்று முடிந்தது.

என் அபிப்பிராயம் இது: சின்னச் சோதனை தரும் நம்பிக்கையைப் பெரிய சோதனை வந்து உறுதி செய்யும்வரை பணத்தைக் கையில் எடுக்காதீர்கள். ஆராய்ச்சியாளர்கள் தோற்றார்கள் என்று நான் சொல்லவில்லை, தோற்றதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்களே, அதனால்தான் எனக்கும் இவ்வளவு தெரிகிறது.

கே: ரத்தத்தில் வித்தியாசமே இல்லை என்றால் கிருமியை இன்னும் ஏன் பிடித்துத் தொங்குகிறார்கள்? வேறு காரணம் தேடக் கூடாதா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தாப்பா)

ப: நல்ல கேள்வி சார். காரணம், ரத்தம் மட்டும் பார்த்தால் போதாது என்ற சந்தேகம் வலுத்துக்கொண்டே வருகிறது. ஆறாம் எண் ஹெர்பிஸை எடுத்துக்கொள்ளுங்கள், 1986-இல் கண்டுபிடித்தது, இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும். அது மனித மரபுத்திரியின் நுனியில் போய்த் தன்னையே ஒட்டவைத்துக்கொள்ளக்கூடிய கிருமி, உலகத்தில் சுமார் ஒரு சதவீதம் பேர் அதை அப்பா அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே வாங்கி வருகிறார்கள். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் ஒரு குழு 2020-இல் காட்டியது என்னவென்றால், இந்தக் கிருமி முழுசாக விழித்துப் பெருகாமல் சும்மா அரைக்கண் திறந்தாலே அணுவுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா துண்டு துண்டாகிறது. நோயாளிகளின் ரத்தநீரை நல்ல அணுக்கள் மேல் விட்டபோதும் அந்த மாதிரி மாற்றம் தெரிந்தது. ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் நடந்தது, மனித உடம்பில் அப்படியே நடக்கிறது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் கிருமி எங்கோ ஒரு மூலையில் கொஞ்சமாக இருந்தாலும் அதன் சரக்கு ரத்தத்தில் கலந்து மற்ற இடத்தைக் கெடுக்கலாம் என்ற வழி திறந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இபிவி வெளியிடும் ஒரு நொதியை வைத்தும் இதே வழியில் தேடுகிறார்கள்.

இன்னொரு காரணம், 2022-இல் வந்த ஒரு ஆய்வு. ஒரு கோடி அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்து வைத்த ரத்தப் பதிவுகளைப் புரட்டி, இபிவி வந்தவர்களுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வரும் ஆபத்து 32 மடங்கு ஏறுகிறது என்று காட்டினார்கள். எல்லாருக்கும் இருக்கிற கிருமி எப்படி ஒரு நோய்க்குக் காரணமாகும் என்று அது வரைக்கும் சிரித்தவர்கள் அப்புறம் சிரிக்கவில்லை. கோவிட் வந்து நாள்பட்ட தளர்ச்சியில் கிடப்பவர்களிடமும் இபிவி மறுபடி தலைதூக்கியதற்கான அடையாளம் சில ஆய்வுகளில் தெரிகிறது. அதற்காக சோர்வு நோயும் அப்படித்தான் என்று தாவிவிட முடியாது, டப்போவில் வந்த மூன்று கிருமிகளில் ஒன்றுதானே ஹெர்பிஸ். என் கணக்குப்படி, தொற்றுக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடங்க மறுப்பதுதான் பொதுவான விஷயம், ஹெர்பிஸ் அதைச் சிலருக்குத் தூண்டுகிறதா, அல்லது உடம்பு தளர்ந்ததும் அதுவே சும்மா எழுந்துகொள்கிறதா என்பதில்தான் இன்னும் வழக்கு நடக்கிறது.

கே: நான் பால்மரம் வெட்டியவன். விடியும் முன்னே பெரட்டு, மழையில் நனைந்து, மலேரியாவில் விழுந்து எழுந்து வேலை செய்தோம். எங்களுக்கெல்லாம் இந்தச் சோர்வு நோய் வந்ததில்லையே? இப்போது உள்ள பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பார்த்தே களைத்துப்போகிறார்கள். (வயது 78, சுங்கை சிப்புட்)

ப: வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தில் கோபம் இருக்கிறது, நியாயமும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். லயத்தில் பத்துப் பேர் ஒரே வீட்டில் கிடந்தோம், ஒரே குவளையில் தண்ணீர், அம்மா மென்று ஊட்டிய சோறு. எச்சிலில் பரவும் இபிவி அங்கே கைக்குழந்தைக்கே வந்து, தெரியாமலே போயிருக்கும். சின்ன வயதில் வந்தால் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது, பதின்ம வயதில் முதல்தடவையாக வந்தால்தான் அந்தச் சுரப்பிக் காய்ச்சல் அப்படி அடிக்கும். இப்போது வீட்டுக்கு இரண்டு பிள்ளை, ஆளுக்கொரு பாட்டில். ஆகவே அந்தக் காய்ச்சல் அப்போது குறைவாகத் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அப்புறம், வராமலா இருந்தது? பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் இல்லையென்றால் மண்டோர் என்ன எழுதுவார், உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் விட்டு ஆறு மாதமாகியும் வாளி தூக்க முடியாமல் வேலையை விட்டுவிட்டு, மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டவர் என்று யாராவது உங்கள் லயத்தில் இருந்திருப்பார், யோசித்துப் பாருங்கள். அவருக்கு ரத்தசோகையா, காசநோயா, இதுவா என்று யாரும் பார்க்கவில்லை. லண்டனில் 1955-இல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் தாதிகளுமாக இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இது மாதிரி விழுந்து ஆஸ்பத்திரியையே மாதக்கணக்கில் மூட வேண்டியதாயிற்று, அவர்கள் கையில் கைத்தொலைபேசி இல்லை. அதைக்கூட 1970-இல் இரண்டு மனநல மருத்துவர்கள் கூட்டு மனநோய் என்று எழுதினார்கள், நோயாளிகள் யாரையும் நேரில் பார்க்காமலே. பெண்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

கே: மேலே முதலில் எழுதிய அம்மாவின் மகளுக்கு நான் தோழி, ஒரே பள்ளி. அவள் தண்ணீர் பாட்டிலில் குடிக்கலாமா? அவளைப் பார்க்கப் போனால் எனக்கும் சோர்வு நோய் ஒட்டுமா? (அவள் அம்மா கடிதம் எழுதும்போது பக்கத்தில் இருந்தேன்)

ப: போய்ப் பார் தங்கச்சி. சோர்வு நோய் ஆளுக்கு ஆள் ஒட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இபிவி எச்சிலில் பரவும், அது உண்மை, ஆனால் உனக்கு ஏற்கெனவே வந்துபோயிருக்கவே வாய்ப்பு அதிகம். பாட்டில் உன்னுடையதையே கொண்டு போ, எந்தக் கிருமியும் பரவாமல் இருக்க அது நல்லது. யாருக்காவது சுரப்பிக் காய்ச்சல் புதிதாக வந்திருந்தால் முதல் சில வாரம் ஓடி ஆடும் விளையாட்டு வேண்டாம் என்று சொல், மண்ணீரல் வீங்கியிருக்கலாம், அடிபட்டால் கிழிந்துவிடலாம். உன் தோழியிடம் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதே, அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, நீயே எழுந்து கிளம்பிவிடு. வகுப்பு நோட்டை எடுத்துப் போ, அவளே படிக்க வேண்டாம், நீ வாசித்துக் காட்டு.